காமாட்சிகள் போதவில்லையாம்

1

சாப்பாட்டு மேஜைமேல் ஒரு மஞ்சள் அட்டை கிடந்தது. பச்சையிலும் சிவப்பிலும் பூ வரைந்து, நடுவில் கொட்டை எழுத்தில் ‘மியா’ என்று எழுதியிருந்தது. எழுதியவள் என் மகள். அவள் பெயர் காமாட்சி.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சிறு நகரம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த என்னை அதே வேலை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. மகள் இங்கே இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியில் ‘பெயர் விழா’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குழந்தையும் தன் பெயரைக் கொண்ட புகழ்பெற்ற மனிதர்கள் மூன்று பேர், இடங்கள் மூன்று என்று தேடி, அட்டையில் ஒட்டிக்கொண்டு வரவேண்டும். அதைப் பெற்றோர் முன்னால் மண்டபத்தில் நின்று வாசிக்க வேண்டும். நல்ல யோசனைதான். நான்கூட உற்சாகமாகத்தான் இருந்தேன்.

“இது யாருடா மியா?”

“நான்தான். புக்ல டீச்சர் தேடிப் பாத்தாங்கம்மா. காமாட்சின்னு யாருமே இல்ல. அதனால புடிச்ச பேர் ஒண்ணு எடுத்துக்கோன்னு சொன்னாங்க.”

“உங்க கிளாஸ்ல ஏற்கெனவே ஒரு மியா இருக்காளே?”

“ஆமா! அதான் ரெண்டு பேரும் சேந்தே செஞ்சிட்டோம்.” முகம் முழுக்கச் சிரிப்பு.

ஒரு வகுப்பில் இரண்டு மியா இருக்கலாம். ஒரு காமாட்சி இருக்க இடமில்லை. என் பெயரும் காமாட்சிதான். என் கணவர் செல்வம் உள்ளேயிருந்து எனக்குக் குரல் கொடுத்தார்: “ஸ்கூல் விளையாட்டு காமாட்சி, விடு. இதுக்குப் போய் சண்டைக்கு நிக்காதே.”

நான் விடுவதாக இல்லை.

2

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு சிவன் கோயில் உண்டு. ஆனால் மற்ற ஊர்களில் இருப்பதுபோல அந்தக் கோயில்களில் அம்மனுக்குத் தனிச் சன்னதி கிடையாது. ஊரில் இருக்கும் எல்லாச் சிவனுக்கும் சேர்த்து ஒரே அம்மன், காமாட்சி. அதனால் பெண் பிறந்தால் யாரும் பெயர் தேடி அலைவதில்லை. தெருவுக்கு அந்தப் பெயர், கல்யாண மண்டபத்துக்கு அந்தப் பெயர், மாவு மில்லுக்கும் அந்தப் பெயர். ஊரைத் தாண்டிப் போனாலும் விடாது. தமிழ்நாட்டில் எந்த மூலையில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தாலும் அவள் கையில் ஏற்றிக்கொடுத்து அனுப்புகிற விளக்குக்கும் அதே பெயர்தான்.

இத்தனை இருந்தும், இந்தப் பெயரை என்னிடமிருந்து பிடுங்கப் பார்த்த முதல் ஆள் ஜெர்மன்காரர் இல்லை. எங்கள் ஊர்த் தலைமையாசிரியைதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா பட்டு நெய்பவர். கைநாட்டு. என்னைச் சேர்க்க வந்தவர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். தலைமையாசிரியை பெயரைக் கேட்டார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏற்கெனவே மூணு காமாட்சி இருக்குது இந்த கிளாஸ்ல. நாலாவதா? கவிதான்னு போட்டுடறேன். நல்ல பேரு.”

அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்றைக்குப் பேசினார்.

“எங்க தெருவுல ஏகாம்பரம்னு அஞ்சு பேரு இருக்கறோம்மா. சைக்கிள் ஏகாம்பரம், சினிமா ஏகாம்பரம், டீ ஏகாம்பரம்னு. டீ ஏகாம்பரம் நான்தான். கடிதாசி தூக்கிக்கினு வர்ற போஸ்ட்மேனே இதுவரைக்கும் குழம்பினதில்ல. படிச்சவங்க, நீங்களா குழம்பப் போறீங்க?”

தலைமையாசிரியை கோபமாகப் பார்த்தார். பிறகு எழுதினார். நான் பள்ளி முடிக்கும்வரை வருகைப்பதிவில் ‘காமாட்சி நாலு’. அந்த வாரமே சிலேட்டில் என் பெயரை எழுதிக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். எங்கள் வீட்டில் ஒருவர் தம் பெயரைத் தம் கையாலேயே எழுதியது அதுதான் முதல் முறை. இந்தப் பெயரை நான் லேசாக விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டுமா?

அங்கே காமாட்சிகள் அதிகமாக இருக்கிறார்கள் என்று பெயரை மாற்றச் சொன்னார்கள். இங்கே யாருமே இல்லை என்று மாற்றச் சொல்கிறார்கள். எத்தனை பேர் இருந்தால்தான் இவர்களுக்குச் சரி?

3

இந்த நாட்டு அலுவலகங்களில் எங்கள் பெயர்கள் பட்ட பாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

குடும்பப் பெயர் இல்லாமல் இங்கே ஒரு மனிதர் மூச்சுவிட முடியாது. நமக்கு அது கிடையாது. அதனால் அப்பா பெயரைக் கடைசியில் ஒட்டிக்கொள்கிறோம். நான் காமாட்சி ஏகாம்பரம். பல் மருத்துவரிடம் போனால் செவிலி கதவைத் திறந்து ‘திருமதி ஏகாம்பரம்’ என்று கூப்பிடுவாள். அரக்கோணத்தைத் தாண்டாத என் அப்பாவை ஜெர்மன்காரர்கள் வாரத்துக்கு ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

சிக்கல் அதுவல்ல. என் கணவரின் அப்பா பெயரும் ஏகாம்பரம். அவரும் காஞ்சிபுரம். இதில் என்ன அதிசயம் என்று எங்கள் ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. கல்யாணப் பத்திரிகையில் இரண்டு ஏகாம்பரங்களின் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தது. இங்கே குடியிருப்புப் பதிவு செய்யப் போனபோது, அலுவலகத்தில் இருந்த பெண்மணி முதலில் பாராட்டினார்: “கணவர் பெயரை ஏற்றுக்கொண்டீர்களா? நல்லது.”

“இல்லை, இது என் சொந்தப் பெயர்.”

“திருமணத்துக்கு முன்பு?”

“அப்போதும் இதுதான்.”

அவர் என்னைப் பார்த்தார். செல்வத்தைப் பார்த்தார். கணினியைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே ஊர், தகப்பன் பெயர் ஒன்று, குடும்பப் பெயரும் ஒன்று. குரலைத் தாழ்த்திக்கொண்டு, எங்களுக்கு வலிக்கக்கூடாது என்பதுபோல மெதுவாகக் கேட்டார்: “நீங்கள் அண்ணன் தங்கையா?”

செல்வத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. இரண்டு ஏகாம்பரங்களும் வேறு வேறு ஆட்கள் என்று ஊரிலிருந்து சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார்கள். என் மாமனார் அதற்காக அலைந்தார். அங்கே ஒரு அலுவலகத்தில் கிடைத்த பதிலை அவரே போனில் சொன்னார்: “ரெண்டு ஆளு ரெண்டு ஆளுதான்னு எப்டிப்பா சர்டிபிகேட் குடுக்கறது? இதுக்கு ஃபார்மட்டே இல்லன்றான்.” கடைசியில் ஒரு வக்கீலிடம் எழுதி வாங்கி, எங்கள் கல்யாணப் படத்தையும் சேர்த்து அனுப்பினார்கள். இரண்டு ஏகாம்பரங்களும் ஒரே மாலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். இந்த நாட்டுக் கோப்பு ஒன்றில் அந்தப் படம் இன்றைக்கும் இருக்கிறது.

இவ்வளவு பட்ட பிறகாவது எங்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். பெண் பிறந்ததும் செல்வத்தின் வீட்டு வழக்கப்படி அவருடைய பாட்டி பெயரை வைத்தோம். அந்தப் பாட்டியும் காமாட்சி. வீட்டில் ஏற்கெனவே நான் ஒருத்தி அந்தப் பெயரில் இருப்பது யாருக்கும் ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. இப்போது தாயும் மகளும் காமாட்சி ஏகாம்பரம். அவளுக்கு வந்த தடுப்பூசி அழைப்புக்கு ஒருமுறை என்னைச் சட்டையை மடக்கச் சொன்னார்கள்.

4

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு டீச்சரைப் பார்க்கப் போனேன். என் வயதுதான் இருக்கும். நல்ல பெண். குழந்தைகளைத் திட்டமாட்டார் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அதனாலேயே கோபத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

“குழந்தை வெறும் அட்டையோடு நிற்கக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன்” என்றார்.

“வெறும் அட்டையா? காமாட்சி என்பது எங்கள் ஊர்த் தெய்வம்” என்று சொல்ல வாயெடுத்தேன். ஜெர்மனில் தெய்வப் பெண்ணுக்கும் மனைவிக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். கோபத்தில் மனைவி என்று சொல்லிவிட்டேன்.

“யாருடைய மனைவி?” என்றார் அவர், மரியாதையாக.

எங்கள் ஊரில் அதற்கும் பதில் உண்டு. வாய் தானாகச் சொல்லிவிட்டது: “ஏகாம்பரருடைய மனைவி.”

அவர் வருகைப்பதிவைப் பார்த்தார். “அப்படியானால் அது நீங்களா?”

வேறு ஒரு நாளாக இருந்தால் நானே சிரித்திருப்பேன். கைப்பேசியை எடுத்துக் கோயில் கோபுரத்தைக் காட்டினேன். தெருவின் பெயர்ப் பலகை, விளக்கு எல்லாம் காட்டினேன். கோபுரத்தை இடம் என்று ஒப்புக்கொண்டார். தெருவையும் ஒப்புக்கொண்டார். “ஆனால் புகழ்பெற்ற மனிதர்கள் மூன்று பேர் வேண்டும். தெய்வத்தை மனிதராகக் கணக்கில் எடுக்க முடியாது. நம் நூலகப் புத்தகங்களில் யாரும் இல்லை.”

“உங்கள் நூலகத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒரு புத்தகமாவது இருக்கிறதா?”

“இல்லை.”

“அப்படியானால் குறை என் மகளின் பெயரிலா, உங்கள் அலமாரியிலா?”

அவர் வருகைப்பதிவை மூடி வைத்தார். பிறகு சொன்னார்: “புத்தகத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. படத்தோடு மூன்று பேரைக் கொண்டுவாருங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அது உங்கள் அட்டை இல்லை. அவள் விரும்ப வேண்டும்.”

வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன்.

“வேணாம்மா. மியாவே இருக்கட்டும்.”

“ஏன்?”

“மியான்னா ஈஸி. காமாட்சின்னா எல்லாரும் ரெண்டு தடவை கேக்கறாங்க. அப்புறம் யாரைப் போடறது? யாரு இருக்கா?”

“நான் இருக்கேனே.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீ ஃபேமஸ் இல்லம்மா.”

கேலி இல்லை. உள்ளதைச் சொல்கிற குரல். வாசகர்களே, பிள்ளைகள் நம் கையை விட்டுப் போவது ஒரு நாளில் பெட்டி கட்டிக்கொண்டு போவதுபோல் நடப்பதில்லை. ‘ஈஸி’ என்று சொல்லிக்கொண்டு, சிரித்த முகத்தோடு, ஒரு மஞ்சள் அட்டையில் ஏறிப் போய்விடுகிறார்கள்.

5

எங்கள் வகுப்புக் காமாட்சிகள் நாலு பேருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. அதில் என் எரிச்சலையெல்லாம் கொட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காமாட்சி இரண்டு வீடியோவில் கூப்பிட்டாள். முசரவாக்கத்துப் பெண். விவசாயக் குடும்பம். கல்யாணமாகிப் போன ஊரில் அறுவடை மிஷின் வாடகைக்கு விடுகிறாள். களத்துமேட்டில் நின்றுகொண்டு பேசினாள். காற்று இரைந்தது.

“இன்னாடி, நம்ம பேருக்கு ஆளே இல்லன்றாங்களா? யாரு சொன்னது? எம்முன்னாடி வந்து சொல்லச் சொல்லு! எங்க அந்த சின்னக் காமாட்சி? போனைக் குடு அதுகிட்ட.”

மகள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

“இன்னா கண்ணு, பேர மாத்திக்கினியாமே?”

“மியா...”

“மியாவா? பூன கத்துற மாரி இருக்குது. சரி, அத வுடு. நான் எலெக்‌ஷன்ல நின்ன கத தெரியுமா ஒனக்கு?”

தெரியாது என்று தலையாட்டினாள். எங்களுக்கெல்லாம் தெரிந்த கதைதான். ஊராட்சி ஒன்றியத் தேர்தலில் இவள் சுயேச்சையாக நின்றாள். பூட்டுசாவி சின்னம். ஜெயித்துவிடுவாள் என்று பேச்சு வந்ததும், எதிராளிகள் அக்கம்பக்கத்தில் தேடிப் பிடித்து இன்னும் இரண்டு காமாட்சிகளை நிறுத்தினார்கள். பெயர் ஒன்றாக இருந்தால் வயதானவர்கள் குழம்பி ஓட்டை மாற்றிக் குத்துவார்கள் என்று கணக்கு. நம் ஊரில் இது தெரிந்த தந்திரம்தான். என் மகளுக்குப் புதிது.

“அந்த ரெண்டு பேரும் ஒரு வாட்டிகூட வூட்ட வுட்டு வெளிய வர்ல கண்ணு. ஓட்டு கேக்கல, கும்புடு போடல. பேரு மட்டும் நின்னுச்சு. ஒருத்திக்கு சீப்பு சின்னம், ஒருத்திக்கு பானை. எனக்கு வர வேண்டிய ஓட்டெல்லாம் சீப்புக்கும் பானைக்கும் பூடுச்சு. தோத்துட்டேன். இப்ப ஊருல என் பேரு இன்னா தெரியுமா? தோத்த காமாட்சி!” என்று சொல்லி அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். “ஆனா ஒண்ணு. மதிப்பில்லாத பேரா இருந்தா எதுக்கு என் பேர்லயே ஆள் தேடிக்கினு ஊரு ஊரா சுத்துனானுங்க? நீயே சொல்லு.”

மகள் சிரிக்கவில்லை. முகம் இறுகிவிட்டது. “அது சீட்டிங்” என்றாள்.

“சீட்டிங்தான்!”

“அவங்க உங்க ஃபிரெண்டா?”

“யாரு, சீப்பா? பக்கத்து ஊருதான். கோயில்ல பாத்தா பேசுவா. அதான் வயித்தெரிச்சல்.”

பிறகு மகள் கேட்டாள்: “விழாவுல, எந்த அட்டை நல்லா இருக்குன்னு எல்லாரும் ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. நானும் மியான்னு நின்னா, மியாவுக்கு வர்ற ஸ்டிக்கர் குறையுமா?”

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. பெருமை, வரலாறு, கோபுரம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேனே தவிர இது தோன்றவில்லை.

“பின்ன! பாதி ஒனக்கு வந்துரும்” என்றாள் தோத்த காமாட்சி, கொஞ்சம்கூட யோசிக்காமல்.

மகள் அறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது அட்டையைப் புரட்டி வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்திருந்தாள். “அந்த ஆன்ட்டி ஃபோட்டோ அனுப்பச் சொல்லும்மா. பூட்டுசாவியோட.”

சுவரொட்டிப் படம் வந்தது, கூப்பிய கையும் பூட்டுசாவியுமாக. அரசு மருத்துவமனையில் செவிலியாக இருக்கும் காமாட்சி ஒன்று, சீருடையில் படம் அனுப்பினாள். கணக்கு டீச்சராக இருக்கும் காமாட்சி மூன்று, கரும்பலகை முன்னால் நின்று அனுப்பினாள். இடங்களில் கோயில், தெரு, அப்புறம் சீரியல் விளக்கு போட்ட கல்யாண மண்டபம். மண்டபம்தான் எல்லாவற்றிலும் அழகு என்று மகள் பெரிதாக ஒட்டினாள். கோயில் ஒரு மூலைக்குப் போனது. பூட்டுசாவிப் படத்துக்குக் கீழே அவளே ஜெர்மனில் எழுதினாள்: “இவருடைய பெயரை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவு முக்கியமான பெயர்.”

என் படத்தைக் கேட்கவே இல்லை.

6

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. என் மகள் அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். தேர்தல் கதை வந்ததும் பின்வரிசையில் ஒரு தாத்தா சத்தமாகச் சிரித்தார். மியாவின் அட்டையில் ஸ்டிக்கர்கள் அதிகம். இவள் போய் அதில் ஒன்று ஒட்டிவிட்டு வந்தாள்.

கடைசியில் சான்றிதழ். பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள். “மியா” என்றார் டீச்சர். மியா போய் வாங்கிக்கொண்டாள். சற்று நேரத்தில் மறுபடியும் “மியா” என்றார். வாரத் தொடக்கத்திலேயே அச்சடித்து வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அட்டையை மாற்றினோம், சான்றிதழை மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை.

மியா குழப்பத்தோடு எழுந்தாள். என் மகள் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். தானும் எழுந்திருக்கவில்லை.

“நீதான், வா” என்றார் டீச்சர்.

“நான் மியா இல்லை.”

மண்டபத்தில் தலைகள் திரும்பின, முணுமுணுப்பு எழுந்தது. நான் எழப் போனேன். செல்வம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். “அவ பாத்துக்குவா, உக்காரு.”

டீச்சர் தாளைப் பார்த்தார். பிறகு பார்க்காமல் சொல்லிப் பார்த்தார்: “கமக்சி.”

இவள் இல்லை என்று தலையாட்டினாள்.

“காமாக்ஷ்...”

மறுபடியும் தலையாட்டினாள். கோபமாக இல்லை, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, காத்திருக்கிறவளாக. டீச்சர் மூச்சை இழுத்துவிட்டு மூன்றாவது முறை சொன்னார். சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. மகள் எழுந்து போய் வாங்கிக்கொண்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் உள்ளங்கை எரியத் தட்டினேன்.

சான்றிதழைத் திருத்தி அனுப்புகிறோம் என்றார்கள். நடந்து வரும்போது மகளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னேன்: “பாத்தியா, மூணாவது தடவை சரியா சொல்லிட்டாங்க.”

“இல்லம்மா. அப்பவும் தப்புதான் சொன்னாங்க.”

“அப்புறம் ஏன் எழுந்தே?”

“எல்லாரும் அவங்களையே பாத்தாங்க. முகம் செவந்துடுச்சு. பாவமா இருந்துச்சு.”

அவளுக்குப் பாவமாக இருந்திருக்கிறது. எனக்கு இல்லை. திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில் அந்த டீச்சரைப் பார்ப்பேன். வணக்கம் சொல்வேன். இன்னொரு தடவை சொல்லச் சொல்வேன்.